இடக்கையால் வாசித்த பொம்மை

என் மகள் தன் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டி, "அப்பா, இதோட கையைப் பாருங்க" என்றாள். நான் முதலில் பார்த்தது அதன் வாயைத்தான். செம்மஞ்சள் நிறச் சடைமுடி, பொத்தான் கண்கள், காதுவரை பிளந்த வாய். வெளிநாட்டுத் தொலைக்காட்சியில் குழந்தைகளுக்கான கல்வி நிகழ்ச்சி ஒன்று வருகிறது. அதில் இந்தப் பொம்மை சின்னஞ்சிறு கித்தாரை மார்பில் அணைத்துக்கொண்டு எண்களையும் நிறங்களையும் பாடிப் பாடிக் கற்பிக்கும். தமிழிலும் குரல் கொடுத்து ஒளிபரப்புகிறார்கள். என் பேத்தி அதனோடு சேர்ந்து பாடினால்தான் ஒரு வாய் இட்லி உள்ளே போகும். கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். பாடம் என்பது நிமிர்ந்து நின்று சொல்லப்பட வேண்டியது என்ற எண்ணம் உடையவன். ஆகவே அந்தப் பொம்மையை அதுவரை நான் பொருட்படுத்தியதில்லை.

"நொட்டாங்கைல வாசிக்குதுங்கப்பா!"

உண்மைதான். கித்தாரின் கழுத்தை வலக்கையில் பிடித்து, இடக்கையால் தந்திகளை மீட்டிக்கொண்டிருந்தது. உள்ளே கைவிட்டு ஆட்டுபவர் தமது வலக்கையைப் பொம்மையின் தலைக்குள் செலுத்தி வாயை அசைக்கிறார், மிஞ்சுவது இடக்கை, அதுவே பொம்மைக்குக் கையாகிறது. இப்படிப்பட்ட பொம்மைகளில் பெரும்பாலானவை இதனாலேயே இடக்கைப் பழக்கம் உள்ளவை என்று அவள் எங்கோ படித்திருந்தாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த மகிழ்ச்சி, நெடுநாள் பிரிந்த உறவினரைக் கண்டவளுடைய மகிழ்ச்சி.

என் மகளும் இடக்கைப் பழக்கம் உள்ளவள். அவள் சிறுமியாக இருந்தபோது உறவினர் பலர் அந்தக் கையை மாற்றிவிடும்படி எனக்கு அறிவுரை கூறினர். விரல்களில் வேப்பெண்ணெய் தடவச் சொன்னார் ஒருவர். முழங்கையைத் துண்டால் கட்டி வைக்கச் சொன்னார் மற்றொருவர். இயற்கை தந்ததைத் துண்டால் கட்டுவது அறிவுடைமை ஆகாது என்று அனைவருக்கும் ஒரே விடையைத்தான் சொன்னேன். உண்பதற்கும் பெரியவர்களிடம் ஒன்றைக் கொடுப்பதற்கும் மட்டும் வலக்கையைப் பழக்கினோம். அந்த முடிவைக் குறித்து எனக்கு இன்றளவும் பெருமிதமே.

அவள் புகுந்த வீடு பனியன் தொழில் செய்யும் வீடு. சம்பந்தி வெள்ளகோவில் பக்கத்து விவசாயக் குடும்பத்தவர். கிணறு கைவிட்டபின் தொழிலுக்கு வந்து, குழந்தைகள் உடைகளை ஏற்றுமதி செய்யும் அளவுக்கு உயர்ந்தவர். அவருடைய மைத்துனர், அதாவது என் மருமகனின் தாய்மாமன், துணிக்குப் படம் அச்சிடும் பிரிண்டிங் யூனிட் ஒன்றை நடத்துகிறார். இந்த வீட்டுக்கு வரும் வேலையெல்லாம் அவருக்கே போகும். அது உறவு முறை.

எங்கள் பக்கத்தில் யாரும் யாரையும் மரியாதைக் குறைவாகப் பேசுவதில்லை. கழுத்தை அறுப்பதாக இருந்தாலும் ஒரு 'ங்க' சேர்த்துத்தான் அறுப்பார்கள். மைத்துனர் இக்கலையில் வல்லவர். ஒரு முறை பந்தியில் எனக்கு எதிரே அமர்ந்துகொண்டு, "ஏனுங் வாத்தியாரே, பீச்சாங்கையில கையெழுத்துப் போட்டா செக்குத் திரும்பி வந்துருமுன்னு சொல்றாங்களே, நெசமுங்களா?" என்று கேட்டார். பந்தி முழுதும் சிரித்தது. பரிமாறிக்கொண்டிருந்த என் மகளும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை; மோர் போதும் என்று கையைக் காட்டினேன்.

ஆயினும் கம்பெனி அலுவலகத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி இருந்தது. வெளிநாட்டு வாடிக்கையாளர்களோடு கடிதப் போக்குவரத்து அனைத்தும் அவள் பொறுப்பு. அந்தப் பொம்மைப் படம் போட்ட குழந்தைச் சட்டைகளுக்கான ஆர்டர், மாதக் கணக்கில் அவள் எழுதி எழுதிப் பெற்றது. அந்த வீட்டில் அவள் யாருடைய மனைவியாகவும் யாருடைய மருமகளாகவும் இல்லாமல் தானாக இருந்த இடம் அந்த நாற்காலி ஒன்றே. அதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும்.

மருமகனின் தங்கைக்கும் மைத்துனரின் மகனுக்கும் திருமணம் பேசி முடித்து, உப்புச்சர்க்கரை மாற்றிய வாரம் அது. நிச்சயத்துக்கு வந்திருந்த என்னை மகள் அலுவலகத்துக்கு அழைத்துச் சென்றிருந்தாள். அவள் மேசைக்கு அருகே அமர்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். அப்போது அச்சுக்குப் போயிருந்த முன்பக்கத் துணிகள் கட்டுக்கட்டாகத் திரும்பி வந்தன. சட்டையாகத் தைப்பதற்கு முன்பே அந்தத் துண்டுகளில் படத்தை அச்சிட்டுவிடுவது வழக்கம். மகள் ஒரு கட்டைப் பிரித்தாள். ஒரு துண்டை எடுத்து, வாடிக்கையாளர் ஒப்புதல் அளித்திருந்த மாதிரிச் சட்டையின் மேல் வைத்தாள். அவள் முகம் வெளிறியது.

மாதிரியில் பொம்மை இடக்கையால் வாசித்தது. வந்த துணிகளில் வலக்கையால் வாசித்தது. அத்தனை கட்டிலும் அப்படியே.

நடந்தது இதுதான். மாதிரியை அச்சிட்ட நாளில் மைத்துனர் ஊரில் இல்லை. வேலையாள், வாடிக்கையாளர் அனுப்பிய படத்தின் பிலிமை வந்தபடியே வைத்து அச்சிட்டுக் கொடுத்துவிட்டான். மொத்தச் சரக்குக்கு மைத்துனரே முன்னின்றார். பொம்மை இடக்கையால் வாசிப்பதைக் கண்டு, அதைப் பிழை என்று கருதி, பொம்மைக்கான பிலிம்களை மட்டும் கவிழ்த்துப் போடச் செய்தார். பக்கத்திலிருந்த எண்களுக்குத் தனித்தனி அச்சுச் சட்டங்கள் இருந்ததால் அவை நேராகவே விழுந்தன. யாருக்கும் ஐயம் எழவில்லை. எழுவதற்கு வழியும் இல்லை. எங்கள் கண்களுக்கு வலக்கையால் வாசிப்பது சரியாகத்தானே தோன்றும்.

மகள் சம்பந்தியையும் மருமகனையும் அழைத்துக் காட்டினாள், மைத்துனருக்குத் தொலைபேசியில் சொன்னாள். அவரே நேரில் வந்தார். வரும்போதே சிரித்துக்கொண்டு வந்தார்.

"அம்முணி, அவனுக வரைஞ்சதுல தப்பு இருந்துச்சு. நாந்தான் திருத்திக் குடுத்தேன். பச்சப் புள்ளைங்க நெஞ்சுல பீச்சாங்கைய வெச்சு அனுப்பறதுங்களா? பாட்டுச் சொல்லித் தர்ற பொம்மைங்க. சரஸ்வதி மாதிரி."

"அது தப்பில்லைங்க மாமா. அந்தப் பொம்மை அப்படித்தான். டிவியில பாருங்க. தைக்க விட வேண்டாமுங்க, இல்லீன்னா சரக்கத் தள்ளிருவாங்க."

அவர் என் பக்கம் திரும்பினார். "பாருங்க வாத்தியாரே. உலகமே சோத்துக்கையில வாசிச்சாலும் உங்க புள்ளைக்கு மட்டும் பீச்சாங்கைதான் தெரியுது."

சம்பந்தியும் சிரித்தார். "விடு அம்முணி. பொம்மைக்கு என்ன, எந்தக் கையில வாசிச்சா என்ன? காதுலயா கேக்கப் போவுது?" தையல் தொடங்கியது. என் மருமகன் மேசைமேல் இருந்த நூல் மாதிரிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்கினார்.

வாடிக்கையாளரின் ஆய்வாளர், பெட்டி கட்டி முடிந்த பிறகு வந்தார். மாதிரியையும் சரக்கையும் அருகருகே வைத்து ஒரு பார்வைதான் பார்த்தார். தேநீர்கூடக் குடிக்காமல் எழுந்துவிட்டார். சரக்கு முழுவதும் தள்ளுபடி. எப்படி நிகழ்ந்தது, யார் பொறுப்பு என்று எழுத்தில் விளக்கம் கேட்டிருந்தார்கள்.

மறுநாள் உடுமலைப்பேட்டையில் என் வீட்டுக்குக் கார் வந்தது. அனுப்பியவர் சம்பந்தி. போனேன். அலுவலகத்தில் சம்பந்தியும் மைத்துனரும் மருமகனும் அமர்ந்திருந்தார்கள். மகள் தன் நாற்காலியில், அணைந்த கணினித் திரையின் முன்னே இருந்தாள். என்னைப் பார்த்து எழுந்தாள்; மறுபடி அமர்ந்தாள்.

"வாங்க சம்பந்தி. ஒரு உதவிங்க" என்றார் சம்பந்தி. "ஒரு லெட்டர் எழுதோணும். உங்க இங்கிலீசு நம்ம ஊர்ல யாருக்கு வரும்?"

"என்ன எழுதணுங்க?"

"தப்பு நடந்து போச்சுங்க. அந்த வெளிநாட்டுக்காரனுக்கு ஒரு பேரு வேணும். அவ்வளவுதான். பேரைக் குடுத்தா அடுத்த ஆர்டர் கைவிட்டுப் போகாது."

"அப்படின்னா தப்பு செஞ்சவரு பேரையே குடுத்துருங்க."

சம்பந்தி தம் மைத்துனரைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "மச்சினன் பேரைக் குடுத்தா அவரு யூனிட்டுக்கு இனி எந்தக் கம்பெனி வேலையும் வராதுங்க. உப்புச்சக்கர மாத்தி ஒரு மாசம் ஆகல. எம் புள்ள வாழப் போற ஊடு அது."

"நானும் அப்படி ஒரு வீட்டுக்குத்தாங்க புள்ளையக் குடுத்திருக்கேன்."

"அதேதானுங்க நானும் சொல்றேன். அம்முணி நம்மூட்டுப் புள்ள. அது பேருல எழுதுனா வெளிய யாருக்குத் தெரியப் போவுது?"

மைத்துனர் கனிவான குரலில் சேர்த்துச் சொன்னார். "அதுவுமில்லாம, அந்தப் புள்ளைக்குத்தான் கை மாறிப் போற பழக்கம் இருக்குதுங்களே. எழுதுனா அவனுகளும் நம்புவானுக."

காலையிலிருந்து மகளை எழுதச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அவள் மறுக்கவும் இல்லை, எழுதவும் இல்லை, திரையைப் பார்த்தபடி இருந்திருக்கிறாள். அதனால்தான் எனக்குக் கார் வந்தது. தகப்பன் எழுதித் தந்தால் மகள் தட்டமாட்டாள் என்பது அவர்கள் கணக்கு.

நான் எழுந்து நின்றேன். "என் மகள் செய்யாத பிழையை அவள் செய்ததாக என் கை எழுதாதுங்க. என்னை மன்னிச்சுக்குங்க" என்றேன். வாழ்நாளில் பல மேடைகளில் பேசியிருக்கிறேன். அதைவிடத் தெளிவாக எதையும் சொன்னதாக நினைவில்லை. சம்பந்தி தலையைக் குனிந்துகொண்டார். மைத்துனர் மட்டும், "உங்க கௌரவம் உங்களுக்குங்க" என்றார்.

மகள் எழுந்து வெளியே வந்தாள். மாடிப்படியில் நின்றோம். கீழே தையல் கூடத்திலிருந்து இந்திப் பாட்டு ஒன்று இயந்திரங்களின் இரைச்சலோடு வந்துகொண்டிருந்தது. அவள் என் கையைப் பற்றுவாள் என்று எதிர்பார்த்தேன்.

"நீங்க எழுதிருவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"எழுதுவேன்னா நெனச்ச? உனக்கு எதிரா?"

"நீங்க எழுதியிருந்தா எனக்கு ஒரு சாக்கு இருந்திருக்கும்ங்கப்பா. அப்பா எழுதிக் குடுத்தாரு, நான் அனுப்பி வெச்சேன்னு மனசுக்குள்ள சொல்லிக்குவேன். இப்ப நானேதான் எழுதோணும். நானே ஒத்துக்கிட்ட மாதிரி."

"எழுத வேண்டாம். என்கூட வா."

அவள் என்னை உச்சி முதல் கால்வரை பார்த்தாள். முன்பின் அறியாத ஒருவரைப் பார்ப்பது போன்ற பார்வை. "வந்து? புள்ளைய எங்க விடறது? உங்க தெருவுல யாராச்சும் கேட்டா என்ன சொல்லுவீங்க? பொண்ணு புருசன் ஊடு வேண்டாமுன்னு வந்துட்டான்னு உங்க வாய்ல வருமாங்கப்பா?"

நான் கீழே வாசலில் நின்ற காரைப் பார்த்தேன். அதை அவள் கவனித்துவிட்டாள்.

"வராது" என்றாள். "நீங்க இப்ப காரேறிப் போயிருவீங்க. நான் மத்தியானச் சோறு இவங்களுக்குத்தான் போடோணும். உங்க கௌரவம் பத்திரமா இருக்குது, எடுத்துட்டுப் போங்க."

உள்ளே சென்று கணினியை இயக்கினாள். நானும் பின்னாலேயே சென்றேன், போகாமல் இருந்திருக்கலாம். அவள் தட்டச்சு செய்யும்போது இரு கைகளும் ஒன்றுபோல் இயங்கின. விசைப்பலகையின் முன்னே அவளுக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. சம்பந்திக்கு ஆங்கிலம் முழுமையாகப் பிடிபடாது. ஆகவே அவள் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிச் சொல்லி எழுத வேண்டியிருந்தது.

"நான் சரியாக் கவனிக்கலைன்னு எழுதியிருக்கேனுங்க மாமா."

"இன்னுங் கொஞ்சம் அழுத்தமாப் போடு அம்முணி. எந் தப்புன்னு வருதா?"

"வருதுங்க மாமா."

"பிரிண்டிங் யூனிட்டுக்குச் சம்பந்தமில்லைன்னு?"

"அதுவும் வருதுங்க."

"எதனால மாறிப் போச்சுன்னு கேப்பானே?"

அவள் ஒரு கணம் விரல்களை எடுத்துக்கொண்டாள். "எனக்கு நொட்டாங்கைப் பழக்கம், அதனால இடம் வலம் கொழம்பிருச்சுன்னு போடட்டுங்களா?"

மைத்துனர் உவகையோடு தொடையைத் தட்டினார். "அதாங்க. அதப் போடு. உங்க புள்ளைக்கு மூளைங்க வாத்தியாரே."

அவள் அதையும் எழுதி அனுப்பினாள். என் பக்கம் திரும்பவில்லை.

பதில் மிக நாகரிகமாக வந்தது. வெளிப்படையாக ஒப்புக்கொண்டமைக்கு நன்றி. இனி இந்த நிறுவனத்தோடு வேறொருவர் தொடர்பில் இருப்பதையே விரும்புகிறோம். தள்ளுபடியான சரக்கை விற்கக் கூடாது, எங்கள் ஆய்வாளர் முன்னிலையில் அழிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். உரிமம் பெற்ற பொம்மை அது. தவறான உருவில் அது எந்தக் குழந்தையின் மார்பிலும் ஏறக் கூடாதாம்.

அழிக்கும் நாளில், நின்று பார்த்துக்கொள்ளும் பணியை மகளுக்கே கொடுத்தார்கள். தவறு செய்தவர் நிற்பதுதானே முறை என்றார் மைத்துனர். பேத்தியைப் பார்க்கச் சென்றிருந்த நான் கூடத்து வாசலில் நின்றேன். பெண்கள் வரிசையாக அமர்ந்து, ஒவ்வொரு சட்டையையும் எடுத்து, கத்தரிக்கோலால் பொம்மையின் முகத்தின் குறுக்கே கிழித்துப் போட்டார்கள். கிழிந்த இடத்தில் அந்தப் பெரிய வாய் இன்னும் பெரிதாகத் திறந்தது. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்த பெண் ஒருத்தி பக்கத்திலிருந்தவளிடம், "ஏட்டி, பாட்டுப் படிக்கிற பொம்மைய போயி இப்படி வெட்டச் சொல்லுதாவளே, பாவமில்லியா?" என்றாள். "பொம்மைக்கு என்னத்த பாவம், நீ வெட்டு" என்றாள் மற்றவள்.

பேத்தி ஒரு சட்டை வேண்டும் என்று தாயின் சேலையைப் பிடித்து இழுத்தாள். ஆய்வாளர் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, "அது கெட்ட பொம்மை" என்றாள். குழந்தை அழுதது. தூக்கச் சென்ற என்னிடம் அது வரவில்லை. மகள், "அழட்டுமுங்க, அடங்கிரும்" என்றாள். அதே சொற்களை அவளைப் பற்றி அந்த வீட்டில் யாரோ சொல்லியிருக்க வேண்டும். அவள் சொன்ன விதத்தில் எனக்கு அப்படித் தோன்றியது.

அவள் நாற்காலி மைத்துனரின் மகனுக்குப் போனது. வரப்போகும் மாப்பிள்ளைக்குக் கம்பெனியில் ஓர் இடம் வேண்டும் அல்லவா. வணிகவியல் படித்த பையன்; கெட்டவன் அல்லன்; ஆங்கிலத்தில் ஒரு முழு வாக்கியம் எழுத அஞ்சுபவன். சம்பந்தி எனக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"சாமி, கோவிச்சுக்காதீங்க. பையனுக்கு லெட்டர் எழுதறதுக்கு மட்டும் கொஞ்சம் இங்கிலீசு சொல்லிக் குடுத்தீங்கன்னா புண்ணியமாப் போவும். காரு அனுப்பறேனுங்க."

மறுப்பதற்கான வாக்கியம் என் நாவில் ஆயத்தமாக இருந்தது. அதற்குள் தொலைபேசி கைமாறியது. மறுமுனையில் என் மகள்.

"வாங்கப்பா" என்றாள். அவ்வளவே.

அவள் கெஞ்சவில்லை, அதட்டவுமில்லை. மறுத்தால் என்ன நேரும் என்று என்னிடம் சொல்லவேண்டிய தேவை அவளுக்கு இல்லை. நான் போனேன். அதைத் தோல்வி என்று என் நண்பர்களிடம் நான் சொன்னதில்லை; சம்பந்தியின் வேண்டுகோளை ஏற்று வழிகாட்டப் போகிறேன் என்றே சொல்லியிருக்கிறேன். அது பொய்யும் அன்று.

பையன் அந்த நாற்காலியில் அமர்ந்திருந்தான். நான் அருகே ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில். புதிய வாடிக்கையாளர் ஒருவருக்கு முதல் கடிதம் எழுத வேண்டும். ஒரு தாளில் எழுதினான், அடித்தான், மறுபடி எழுதினான். பிறகு தயங்கித் தயங்கி, கணினியில் பழைய கடிதங்களைத் திறந்தான்.

"சார், இதெல்லாம் அக்கா எழுதுனதுங்க. இதையே எடுத்துக்கிட்டாப் பரவாயில்லீங்களா?"

படித்தேன். சிறு சிறு வாக்கியங்கள். ஒரு சொல் மிகையில்லை, கெஞ்சல் இல்லை, பணிவு இருந்தது, தாழ்வு இல்லை. என் மாணவர்களில் ஒருவரும் இவ்வளவு கட்டுக்கோப்பாக எழுதியதில்லை. அவள் எழுதியதை நான் அதுவரை படித்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

மகள் தேநீரோடு வந்து மேசைமேல் வைத்தாள். பையன் நிமிர்ந்து, "அக்கா, உங்க லெட்டரை எடுத்துப் போட்டுக்கட்டுமுங்களா?" என்று கேட்டான்.

"போட்டுக்கோ கண்ணு. அப்பா திருத்தித் தருவாங்க."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இருக்கவில்லை. பையன் எனக்காகக் காத்திருந்தான். கடிதத்தின் அடியில் அவள் பெயர் இருந்த இடத்தைக் காட்டி, அதை மட்டும் அழிக்கச் சொன்னேன். அழித்தான்.